ஹைடெக் லேப் வந்த பிறகு ஆசிரியர் எதை மாற்றிக்கொள்வது?

அரசு நடுநிலைப் பள்ளியில் 6, 7, 8 வகுப்புகளுக்குக் கணக்கும் அறிவியலும் நடத்தும் ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்: பள்ளிக்கு ஹைடெக் லேப் என்ற கணினி ஆய்வகம் வந்துவிட்டது; கையில் டேப் (கைக்கணினி) இருக்கிறது; பயிற்சிக்குப் போனால், இனி நீங்கள் பாடம் நடத்துபவர் அல்லர், கற்பதற்கு வழி செய்து கொடுப்பவர் என்கிறார்கள்; ஆனால் வகுப்பில் இருக்கும் 38 பிள்ளைகளில் சிலருக்கு வகுத்தலே வராது, சிலர் பாடத்தை முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று கேட்கிறார்கள். இந்தக் கருவிகளை வைத்துக்கொண்டு மாணவரை மையமாகக் கொண்ட வகுப்பை எப்படி நடத்துவது, இத்தனை ஆண்டுகள் செய்துவந்ததில் எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்பது அவருடைய கேள்வி. ஆசிரியராகவும் பின்னர் ஆசிரியர் பயிற்றுநராகவும் இருந்து பல வகுப்பறைகளைப் பார்த்தவன் என்ற முறையில் இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

தொழில்நுட்பமும் மாணவர் மையக் கற்றலும் சுற்றறிக்கைகளில் எப்போதும் சேர்ந்தே வருவதால், ஒன்று வந்தால் மற்றதும் தானாக வந்துவிடும் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. வகுப்பறையில் இவை இரண்டும் பல நேரங்களில் எதிரெதிர்த் திசைகளில் இழுக்கின்றன. 38 பேரும் ஒரே திரையை நோக்கி உட்கார்ந்து ஒரே காணொளியை ஒரே வேகத்தில் பார்க்கும் வகுப்பில், சாக்பீஸ் வகுப்பில் இருந்த அளவுக்குக்கூட மாணவருக்கு இடமில்லை; கரும்பலகை முன் நிற்கும் ஆசிரியராவது பின்வரிசையில் ஒரு முகம் சுருங்குவதைப் பார்த்துப் பேச்சை நிறுத்துவார், காணொளி யாருக்காகவும் நிற்காது. மறுபுறம், மின்விசிறிகூட இல்லாத வகுப்பறைகளில் மாணவர் மையக் கற்றல் பெரிய அளவில் நடந்திருக்கிறது, தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: ஆசிரியர் மாற்றிக்கொள்ள வேண்டியது, பாடவேளை நடந்துகொண்டிருக்கும்போதே எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று அறியும் விதத்தையும், அறிந்த பிறகு அடுத்த பத்து நிமிடத்தில் தான் என்ன செய்கிறார் என்பதையும். அதற்கு உதவும் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தைத் தின்னும் கருவியை, எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், ஓரமாக வையுங்கள்.

இதை நான் கோட்பாடாகச் சொல்லவில்லை. நம் மாநிலத்தின் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இந்த மாற்றத்தை ஒருமுறை முழுமையாகக் கடந்து வந்திருக்கிறார்கள். அதன் வெற்றியும் சறுக்கலும் இன்றைய டேப்புக்கும் திரைக்கும் நேராகப் பொருந்துவதால் அதைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்வோம்.

2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமார், ஆந்திரத்தின் ரிஷிவேலியில் ஊரகப் பள்ளிகளுக்காக உருவாக்கப்பட்டிருந்த ஏணி, அட்டை முறையை நம் ஆசிரியர்கள் நேரில் பார்த்துவரச் செய்து, நம் பாடத்திட்டத்துக்கு ஏற்ற அட்டைகளை அவர்களைக் கொண்டே எழுத வைத்தார். அது மாநகராட்சிப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவி, 2007-08இல் மாநிலம் முழுவதும் 1 முதல் 4 வரையுள்ள வகுப்புகளுக்கு விரிந்தது. ஒவ்வொரு பாடமும் சிறு சிறு மைல்கற்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு மைல்கல்லிலும் அறிமுகம், பயிற்சி, மதிப்பீடு, குறைதீர் பயிற்சி, கூடுதல் பயிற்சி என்று படச் சின்னம் பொறித்த அட்டைகள் இருக்கும். பிள்ளை காலையில் வந்ததும் சுவரில் தொங்கும் ஏணியில் தான் விட்ட இடத்தைத் தானே பார்த்து, தன் அட்டையைத் தானே எடுத்து, அந்தச் சின்னத்துக்குரிய குழுவில் போய் உட்காரும். ஆசிரியர் முழுமையாக உதவும் குழு, ஓரளவு உதவும் குழு, சக மாணவர் முழுமையாக உதவும் குழு, ஓரளவு உதவும் குழு, தானே கற்கும் குழு, மதிப்பீட்டுக் குழு என ஆறு குழுக்கள். ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் இறங்கி, முதல் இரண்டு குழுக்களோடு உட்கார்ந்திருப்பார்.

அதற்கு முன்பு ஒரு பிள்ளை அம்மை வந்தோ, பெற்றோரோடு செங்கல் சூளைக்குப் போயோ பத்து நாள் வரவில்லையென்றால், திரும்பி வரும்போது வகுப்பு அதை விட்டுவிட்டு எங்கோ போயிருக்கும். ஏணி முறையில் அந்தப் பிள்ளை விட்ட படியிலிருந்தே ஏறும். இன்று மென்பொருள் நிறுவனங்கள் பெருமையோடு விற்கும் 'தனிப்பட்ட கற்றல் பாதை' என்பது அச்சடித்த அட்டையாக நம் வகுப்பறைகளில் அப்போதே இருந்தது. அதற்காக ஆசிரியர் தன் உடம்பையே பழக்கவேண்டியிருந்தது: தரையில் உட்கார, வகுப்பில் எழும் சத்தத்தைச் சகித்துக்கொள்ள, ஒரு குழுவோடு இருக்கும்போது மற்ற ஐந்து குழுக்களை நம்பி விட. இந்தக் கடைசிப் பழக்கம்தான் மிகக் கடினமானது என்று பல மூத்த ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

சறுக்கல் எங்கே வந்தது? அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. ஒரே அட்டைக்குப் பிள்ளைகள் காத்து நின்றார்கள். அது சரிசெய்யக்கூடிய குறை. பெரிய குறை, பார்வையிட வந்தவர்கள் ஏணி தொங்குகிறதா, குழுத் தட்டுகள் வரிசையாக இருக்கின்றனவா, பதிவேடு நிரம்பியிருக்கிறதா என்று பார்த்ததுதான். பிள்ளைகள் வேகமாக அட்டைகளை முடித்துச் சின்னத்திலிருந்து சின்னத்துக்கு நகர்ந்தார்கள். முடித்த அட்டையில் இருந்த சொல்லை வேறோர் இடத்தில் படிக்கச் சொன்னால் சிலர் திணறினார்கள். எல்லாரும் சேர்ந்து கதை கேட்பதும் பாடுவதும் ஒன்றைப் பற்றிப் பேசுவதும் குறைந்தன. வீட்டுப்பாடம் இல்லை, புத்தகம் இல்லை என்று பெற்றோர் கவலைப்பட்டார்கள். பின்னர் வந்த எளிமைப்படுத்தப்பட்ட செயல்வழிக் கற்றலில் பாடநூலுக்கும் முழு வகுப்புச் செயல்பாட்டுக்கும் மீண்டும் இடம் கிடைத்தது. ஆனால் ஆணை வருவதற்கு முன்பே இதைச் செய்தவர்கள் இருந்தார்கள். காலையில் அரைமணி நேரம் எல்லாரையும் கூட்டிப் பேசவிட்டு அதன்பிறகு அட்டைக்குப் போனவர்கள், புரிந்துகொண்ட பிள்ளையை மூன்று அட்டைகள் தாண்டவிட்டவர்கள், அச்சடித்த அட்டை பொருந்தாத இடத்தில் நாட்காட்டித் தாளின் பின்புறம் சொந்தமாக அட்டை எழுதியவர்கள். முறையைக் கற்றுக்கொண்டு, பிறகு பிள்ளைக்காக அதை வளைத்த இவர்களின் வகுப்புகளில்தான் செயல்வழிக் கற்றல் உண்மையில் நிலைத்தது.

மேல் வகுப்புகளுக்கு வந்த படைப்பாற்றல் கல்விக்கும் ஏறத்தாழ இதே கதைதான். பாடத்தைப் படித்து, மனவரைபடம் வரைந்து, தொகுத்து, குழுவில் வழங்க வேண்டும். சமூக அறிவியலுக்கும் உயிரியலுக்கும் அது நன்றாகப் பொருந்தியது. கணக்குப் பாடத்துக்கும் கட்டாயமாக மனவரைபடம் வரையச் சொன்னபோது அது சடங்காகிப்போனது. உங்களுக்கு வரும் புதிய செயலிகளிலும் இந்த ஆபத்து இருக்கிறது. எல்லாப் பாடத்துக்கும் எல்லா நாளும் ஒரே கருவி என்று சொல்லும் பயிற்சியை நீங்கள் மரியாதையோடு கேட்டுவிட்டு, உங்கள் பாடத்துக்குப் பொருந்துகிறதா என்று நீங்களே முடிவுசெய்யலாம்.

கொரோனாவின்போது தொழில்நுட்பம் மட்டும் தனியாக நின்றால் எவ்வளவு தூரம் போகும் என்பதையும் பார்த்தோம். 2019இல் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சி 2020இல் ஏறத்தாழ மாநிலத்தின் பள்ளிக்கூடமாகவே ஆனது. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடுகள் அச்சாகியிருந்தன. திக்‌ஷா என்ற அரசு இணையக் கல்வித் தளத்தில் காணொளிகள் இருந்தன. இவற்றைச் செய்த ஆசிரியர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். இருந்தும், 1 முதல் 8 வரை பள்ளிகள் 2021 நவம்பரில் திறக்கப்பட்டபோது, இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த பல பிள்ளைகள் அதற்குமுன் பள்ளிக்கூட வகுப்பறையையே பார்த்திராதவர்கள். அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியலாளர்கள் தமிழ்நாட்டின் கிராமப்புறங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்து எழுதிய ஆய்வில், கற்றல் இழப்பு மிகப் பெரியது என்றும், பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ கால்பங்குக்கு இல்லம் தேடிக் கல்வி காரணம் என்றும் கண்டார்கள். இல்லம் தேடிக் கல்வியில் இருந்தது என்ன? மாலையில் தெருவிலோ கோயில் மண்டபத்திலோ சிறு கூட்டமாக உட்கார்ந்த பிள்ளைகளும், அவர்களைப் பெயர் சொல்லி அழைக்கும் அதே தெருவைச் சேர்ந்த ஒரு தன்னார்வலரும். 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்து, பாடநூலின் வேகத்தை விட்டுப் பிள்ளையின் நிலையிலிருந்து தொடங்கச் சொன்னதும் இந்த அனுபவத்தின் தொடர்ச்சியே.

வெளிநாட்டு அனுபவம் ஒன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரு நாட்டில் 319 ஊரகப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் ஒரு பகுதிக்கு மட்டும் பிள்ளைக்கொரு மடிக்கணினி கொடுத்து ஒப்பிட்ட ஆய்வு 2012இல் வெளிவந்தது. கணக்கிலும் மொழியிலும் கற்றல் கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. கணினி வந்தது, வகுப்பில் ஆசிரியர் செய்ததோ பிள்ளை செய்ததோ மாறவில்லை.

அப்படியானால் கருவியால் பயனே இல்லையா? இருக்கிறது, அதுவும் உங்கள் வகுப்பின் சிக்கலுக்கே நேரான பயன். டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்து முரளிதரன், சிங், அலெஹாந்த்ரோ கானிமியன் மூவரும் செய்த ஆய்வு 2019இல் வெளியானது. அதற்கு வந்த 6ஆம் வகுப்புப் பிள்ளைகள் சராசரியாகக் கணக்கில் இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். மேல் வகுப்புகளில் அந்த இடைவெளி இன்னும் அகலமாக இருந்தது. பள்ளி நேரத்துக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் 45 நிமிடம் மென்பொருளோடும் 45 நிமிடம் ஒரு பயிற்றுநரோடு சிறு குழுவிலும் என நாலரை மாதம் நடந்த இந்த ஏற்பாட்டில் கணக்கிலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. அந்த மென்பொருள் 7ஆம் வகுப்புப் பிள்ளைக்கு 7ஆம் வகுப்புக் கணக்கைக் காட்டவில்லை. முதலில் சோதித்து, 4ஆம் வகுப்புப் பின்னத்தில் தவறு செய்கிறது என்று கண்டால் அங்கிருந்தே தொடங்கியது. எங்கள் காலத்து ஏணியின் வேலையைக் கணினி செய்தது. அட்டை தொலையாது, குறிப்பேடு எழுதவேண்டியதில்லை என்பது கூடுதல் வசதி. சிறு குழுவில் பேசிய அந்த 45 நிமிடத்தையும் மறந்துவிடக்கூடாது.

இனி உங்கள் பாடத்துக்கே வருகிறேன். 7ஆம் வகுப்பு அறிவியலில் மின்சுற்று வருகிறது. வழக்கமாக என்ன நடக்கும்? தொடரிணைப்பின் படத்தைக் கரும்பலகையில் வரைவோம், வரையறையை எழுதிப்போடுவோம், இப்போது திரை இருப்பதால் ஒரு காணொளியையும் ஓட்டுவோம். தேர்வில் பிள்ளைகள் சரியாக எழுதுவார்கள். ஆனால் ஒரு மின்கலத்தோடு ஒரே மாதிரியான இரண்டு பல்புகளைத் தொடராக இணைத்தால் எது அதிகமாக எரியும் என்று கேட்டுப் பாருங்கள். மின்கலத்துக்குப் பக்கத்தில் இருப்பதுதான் என்று பலர் சொல்வார்கள், ஏனென்றால் முதல் பல்பு மின்னோட்டத்தில் கொஞ்சத்தைச் செலவழித்துவிடும், மிச்சம்தான் அடுத்ததற்குப் போகும் என்பது அவர்களுடைய எண்ணம். உலகம் முழுவதும் பிள்ளைகளிடம் காணப்படும் எண்ணம் இது. வரையறையை நூறு முறை எழுதினாலும் இது மனத்துக்குள் அப்படியே இருக்கும், ஏனெனில் அதை யாரும் வெளியே கேட்கவே இல்லை.

ஆகவே பாடத்தை இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குங்கள். முதல் பல்பு அதிகம், இரண்டாவது அதிகம், இரண்டும் சமம் என்று மூன்று விடைகளைப் பலகையில் எழுதி, ஒவ்வொருவரும் தன் விடையையும் காரணத்தையும் நோட்டில் ஒரு வரி எழுதிய பிறகே விரல்களை நெஞ்சுக்கு முன்னால் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கையைத் தூக்கும் பழக்கம் அப்போது வராது. எண்ணிப் பலகையில் குறித்துக்கொள்ளுங்கள், விடை எது என்று சொல்லாதீர்கள். வேறு விடை சொன்ன ஒருவரைத் தேடிப் போய் உன் காரணம் என்ன என்று கேட்டுவரச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் வகுப்பு சந்தைபோல் ஆகும், ஆகட்டும். மறுபடியும் விரல் காட்டச் சொல்லுங்கள். ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர் 1991 முதல் பெரிய வகுப்புகளில் செய்துவந்த முறை இது. மேலைநாடுகளில் இதற்கென்றே ஒவ்வொரு மாணவர் கையிலும் ஒரு மின்னணுப் பொத்தான் கருவியைக் கொடுத்தார்கள். நத்தானியேல் லாஸ்ரி என்ற இயற்பியல் ஆசிரியர் அந்தக் கருவியையும் வெறும் அட்டைகளையும் ஒப்பிட்டு, மாணவர் கற்ற அளவில் வேறுபாடு இல்லை என்று 2008இல் எழுதினார். உங்களிடம் டேப் இருப்பதால் பிளிக்கர்ஸ் போன்ற செயலி ஒன்றைப் பயன்படுத்தலாம்; பிள்ளைகள் கையில் அச்சடித்த தாளைப் பிடிக்க, நீங்கள் கேமராவால் ஒருமுறை வகுப்பை வலம்வந்தால் யார் எந்த விடை சொன்னார்கள் என்பது பதிவாகிவிடும். அதன் பயன் பதிவில் மட்டுமே. பதிவு உங்களுக்குத் தேவையில்லாத நாளில் விரல் போதும்.

அடுத்து, திரையைத் தொடுவதற்கு முன் உண்மையான பல்புகளைக் கையில் கொடுங்கள். டார்ச் பல்பு, மின்கலம், கொஞ்சம் வயர் போதும். இங்கே ஒரு சிக்கல் வரும், அதை வரவேற்க வேண்டும்: கடையில் வாங்கிய இரண்டு பல்புகள் அச்சாக ஒன்றுபோல் இருக்காது, ஒரு குழுவில் ஒன்று கொஞ்சம் மங்கலாக எரியும். 'பார்த்தீங்களா டீச்சர், முதல் பல்புதான் அதிகம்!' என்று அந்தக் குழு கத்தும். உடனே விளக்கம் சொல்லிவிடாமல், இரண்டு பல்புகளையும் இடம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். மங்கலான பல்பு எந்த இடத்தில் இருந்தாலும் மங்கலாகவே இருப்பதைப் பார்த்ததும், காரணம் இடம் அல்ல, பல்பு என்பதை அவர்களே பிடித்துக்கொள்வார்கள். ஒரு காணொளியால் இதைத் தர முடியாது, ஏனெனில் காணொளியில் வரும் பல்புகள் எப்போதும் சரியாகவே எரியும்.

இப்போது ஆய்வகத்துக்குக் கூட்டிப்போங்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் தளத்தில் மின்சுற்று அமைத்துப் பார்க்கும் உருவகப்படுத்தல் (சிமுலேஷன்) இலவசமாகக் கிடைக்கிறது. முன்னதாகவே இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் போனாலும் ஓடும். அதில் எலக்ட்ரான்கள் வயரின் வழியே ஊர்ந்து செல்வது தெரியும். முதல் பல்புக்கு முன்னும், இரண்டு பல்புகளுக்கு இடையிலும், கடைசியிலும் அவை ஒரே வேகத்தில் நகர்வதைப் பிள்ளை கண்ணால் பார்க்கும்போது, செலவழிந்துபோகும் மின்னோட்டம் என்ற அந்தப் பழைய எண்ணத்துக்கு நிற்க இடமில்லாமல் போகிறது. கையால் தொட்டுப் பார்க்க முடிந்ததைக் கையாலும், எவ்வளவு முயன்றாலும் கண்ணுக்குத் தெரியாததைத் திரையாலும் காட்டுவது என்று வைத்துக்கொண்டால், எந்தப் பாடத்துக்கு ஆய்வகம் வேண்டும் என்ற குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். கணக்கில் ஜியோஜீப்ரா என்ற மென்பொருளுக்கும் இதே அளவுகோல்தான். ஒரு முக்கோணத்தைத் தாளில் வரைவது பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். அந்த முக்கோணத்தின் முனையைப் பிடித்து இழுத்து, ஆயிரம் முக்கோணங்களிலும் கோணங்களின் கூடுதல் மாறாமலிருப்பதைப் பார்ப்பது திரையில் நடக்கட்டும்.

38 பேர் என்ற சிக்கலுக்கு வருவோம். ஆய்வகத்தில் ஆளுக்கொரு கணினி இராது. அதைக் குறையாக நினைக்க வேண்டாம். வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி இருவர் இருவராகக் கணினியில் ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யட்டும். அந்த வேலை தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும், முடிவில் நோட்டில் ஏதாவது எழுதிக் காட்டும்படி இருக்க வேண்டும். மறுபாதி உங்களோடு இருக்கட்டும். திரை உங்களுக்குத் தரும் மிகப் பெரிய கொடை, 19 பேரோடு மட்டும் இருக்கும் அந்த இருபது நிமிடம் என்றே நான் நினைக்கிறேன். அந்த இருபது நிமிடத்தில் வகுத்தல் வராத ஐந்தாறு பேரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் குச்சிகளையோ புளியங்கொட்டைகளையோ வைத்துப் பங்கிடச் சொல்லலாம். 2025இல் 6 முதல் 9 வரையுள்ள வகுப்புகளில் அடிப்படைத் திறன் குறைந்த பிள்ளைகளுக்காகத் 'திறன்' இயக்கம் தொடங்கப்பட்டிருப்பதும் இந்தத் தேவையை உணர்ந்துதான். ஒன்றை மட்டும் மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன்: இந்தக் குழுக்களை நிரந்தரமாக்கிவிடாதீர்கள். 'மெல்லக் கற்போர்' என்ற பெயர் ஆசிரியர் அறையில் எளிதாகப் புழங்குகிறது. அது பிள்ளையின் காதில் விழுந்துவிட்டால் ஆண்டு முழுவதும் அதன் முதுகில் ஒட்டிக்கொள்ளும். வகுத்தலுக்கு ஒரு குழு, வடிவியலுக்கு வேறு குழு என்று ஆட்கள் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். வகுத்தல் வராத பிள்ளை மின்சுற்றில் எல்லாருக்கும் முன்னால் நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இனி நீங்கள் பாடம் நடத்தவே கூடாதா என்ற தயக்கம் உங்கள் கேள்வியில் தெரிகிறது. நடத்துங்கள். மாணவர் மையம் என்றால் ஆசிரியர் வாயை மூடிக்கொள்வது என்று சில பயிற்சிகளில் புரியவைக்கப்பட்டது நம் வகுப்புகளுக்கு நேர்ந்த பெரிய இழப்பு. பால் கிர்ஷ்னர், ஜான் ஸ்வெல்லர், ரிச்சர்ட் கிளார்க் ஆகியோர் 2006இல் எழுதிய கட்டுரையில், ஒரு பாடத்துக்குப் புதிதாக வருபவரைக் குறைந்த வழிகாட்டலோடு தானே கண்டுபிடிக்க விடுவது பெரும்பாலும் பலன் தருவதில்லை என்று விரிவாக வாதிட்டார்கள். அவர்களோடு முரண்படுபவர்கள் உண்டு. ஆனாலும் இயற்கணிதத்தில் முதல் அடி எடுத்துவைக்கும் 6ஆம் வகுப்புப் பிள்ளைக்கு, ஒரு கணக்கை ஆசிரியர் தன் மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போட்டுக் காட்டுவதற்கு இணையான உதவி இல்லை என்பதை எந்தக் கணக்கு ஆசிரியரும் அறிவார். மாற வேண்டியது விளக்கத்தின் இடம். பிள்ளைகள் ஊகித்து, வாதாடி, தடுமாறிய பிறகு வரும் பத்து நிமிட விளக்கத்தை அவர்கள் காத்திருந்து கேட்பார்கள்; பாடவேளையின் முதல் மணித்துளியிலேயே வரும் முப்பது நிமிட விளக்கத்தை அப்படிக் கேட்பதில்லை.

வீட்டுக்குக் காணொளி அனுப்பி, வகுப்பில் கணக்குப் போடவைப்பது என்ற தலைகீழ் வகுப்பறை முறை நகரத்துத் தனியார் பள்ளிகளில் நன்றாக நடக்கலாம். உங்கள் பிள்ளைகளின் வீட்டில் ஒரு செல்போன் இருந்தால் அது அப்பாவோடு வேலைக்குப் போய் இரவில்தான் திரும்பும். அண்ணனும் தங்கையும் அதற்குப் போட்டி போடுவார்கள். காணொளி பார்க்காமல் வந்த பிள்ளை மறுநாள் வகுப்பில் பேசவே முடியாமல் உட்கார்ந்திருக்கும். எனவே வீட்டுவேலையைச் செல்போன் இல்லாமல் செய்யக்கூடியதாகவே வையுங்கள். வீட்டு மின்மீட்டரைப் படித்து எழுதிவருவது, ரேஷன் பையின் எடையைக் கணக்கிடுவது போன்றவற்றை எந்தப் பிள்ளையும் செய்துவர முடியும்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஆசிரியர்கள் வினாத்தாளுக்காக அதை ஏற்கெனவே பயன்படுத்துகிறார்கள் என்பதால் ஒரு சொல். ஒரு கருத்தில் பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் தவறுகளைப் பட்டியலிடச் சொல்லி, அவற்றிலிருந்து பலவுள் தெரிக வினாக்களை அமைக்க அது நல்ல உதவி. அது தரும் தமிழில் கலைச்சொற்கள் பாடநூலோடு ஒத்துப்போகாமல் இருக்கும், விடைகளும் சிலவேளை தவறாக இருக்கும். ஒவ்வொரு வரியையும் நீங்கள் போட்டுப் பார்த்த பிறகே பலகைக்கு வர வேண்டும்.

பதிவுச் சுமையைப் பற்றிப் பேசாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்திலும் செயலியிலும் வருகை, மதிப்பீடு, நலத்திட்டம் என்று ஆசிரியர் பதிவேற்றும் விவரங்கள் நிர்வாகத்துக்குத் தேவையானவையாக இருக்கலாம். ஆசிரியர் சங்கங்கள் இந்தச் சுமையைக் குறைக்கக் கோரிவருவதற்கும் நியாயம் இருக்கிறது. பிள்ளையை மதிப்பிடுவதன் நோக்கம் அடுத்து என்ன கற்பிப்பது என்று ஆசிரியருக்குத் தெரிவதே. பதிவேற்றிய விவரம் மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் போய், ஆசிரியருக்குப் பயன்படும் வடிவில் திரும்பி வராவிட்டால், அது பிள்ளைக்கான மதிப்பீடாக இருப்பதில்லை. நெட்வொர்க் கிடைக்காமல் ஆசிரியர் டேப்பை உயர்த்திப் பிடித்தபடி வராந்தாவில் நிற்கும் நேரம், முன்பு ஏணிப் பதிவேட்டை நிரப்பிய நேரத்தைப் போலவே, பிள்ளையிடமிருந்து எடுக்கப்பட்ட நேரம். அதிகாரத்தில் இருப்பவர்கள் இதைக் கேட்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன். உங்கள் அளவில் செய்யக்கூடியது, ஒரு சாதாரண நாற்பது பக்க நோட்டில் பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, அன்றன்று கவனித்த ஓரிரு பிள்ளைகளைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுதிவைப்பது: 'பின்னத்தில் பகுதி (கீழ் எண்) பெரிதானால் மதிப்பும் பெரிது என்று நினைக்கிறாள்.' எந்த டாஷ்போர்டும் உங்களுக்கு இந்த வரியைத் தராது. அடுத்த வாரப் பாடக்குறிப்பை எழுத உட்காரும்போது இந்த நோட்டைத்தான் திறப்பீர்கள்.

எதை விடுவது என்ற உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிக்கு என் பதில் மிகக் குறுகியது. வினா-விடைகளைப் பலகையில் எழுதிப்போட்டு எல்லாரும் பார்த்து எழுதும் நேரத்தை விடுங்கள்; கணக்கு, அறிவியல் வகுப்புகளில் அதிகம் வீணாகும் நேரம் அதுதான். அந்த விடைகளை அச்செடுத்தோ வகுப்புக் குழுவில் அனுப்பியோ கொடுத்துவிடலாம், அதற்குத் தொழில்நுட்பம் தாராளமாகப் போதும். அப்படிக் கிடைக்கும் நேரத்தில், ஒரு பருவத்துக்கு ஓர் அலகை மட்டும் எடுத்து மேலே சொன்ன விதத்தில் மாற்றி நடத்திப் பாருங்கள். எல்லாப் பாடத்தையும் ஒரே ஆண்டில் மாற்ற முனைந்தவர்கள் பெரும்பாலும் அரையாண்டுத் தேர்வுக்குள் களைத்துப் பழைய இடத்துக்கே திரும்பியிருக்கிறார்கள். மாற்றிய அலகை, பக்கத்துப் பள்ளியில் இதே பாடம் எடுக்கும் ஓர் ஆசிரியர் வந்து பார்க்கும்படி செய்துகொள்ளுங்கள். சுற்றுப்பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் அறிமுகமானவர் யாராவது கட்டாயம் இருப்பார். அவர் உங்களைப் பார்க்க வேண்டாம், பின்வரிசையில் உட்கார்ந்து மூன்று பிள்ளைகளை மட்டும் பார்த்து, அவர்கள் எப்போது எழுதினார்கள், எப்போது பேசினார்கள், எந்த இடத்தில் கவனம் போனது என்று குறித்துத் தரட்டும். அடுத்த மாதம் நீங்கள் அவருடைய வகுப்புக்குப் போய் அதையே செய்து கொடுங்கள்.